பெரும் பனிப்புயல் வருகிறதா? வீட்டைத் தயார் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

“எங்கள் வீட்டில் கேஸ் ஹீட்டிங்தான், கரண்ட் போனாலும் கவலையில்லை.” பனிப்புயல் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். எரிவது கேஸ்தான், சரி. ஆனால் ஃபர்னஸைப் (வீட்டுக்கான சூட்டை உண்டாக்கும் உலை) பற்றவைப்பதற்கும், சூடான காற்றை அறை அறையாகத் தள்ளும் விசிறிக்கும், சுவரில் இருந்து சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கும் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் வேண்டும். வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்களால் சூடாகும் வீடுகளிலும் அந்த நீரைச் சுற்றவிடுவது பெரும்பாலும் மின்சார பம்புதான். கரண்ட் போனால் கேஸ் வீடும் குளிர்ந்துவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியை ஒரே ஒரு கேள்வியிலிருந்து எழுதுகிறேன்: மின்சாரமும் சூடும் இல்லாமல், வெளியே போகவும் முடியாமல், மூன்று நான்கு நாட்கள் இந்த வீட்டுக்குள் எல்லோரும் உயிரோடும் நலமாகவும் இருக்க என்ன வேண்டும்? இதற்குப் பதில் இருந்தால் எத்தனை அடி பனி பெய்தாலும் சமாளிக்கலாம்.

இது வீண் பயம் இல்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர் தாக்கியபோது 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. 246 பேர் இறந்ததாக அந்த மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குளிர்தான். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் நாள் கணக்கில் உறைமழை பெய்தது. மழையாக விழுந்து, தொட்ட இடத்திலெல்லாம் கண்ணாடிபோல் உறைந்துவிடும் மழை அது. அந்தப் பனிக்கட்டியின் பாரத்தில் ராட்சத மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ பகுதியில் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டிகளும்கூடப் பனியில் சிக்கி நின்றன. உதவிக்கு அழைத்தாலும் யாரும் வந்து சேர முடியாத மணி நேரங்கள் அவை.

குளிர்காலம் தொடங்கும்போதே முடிக்க வேண்டியவை

புயல் அறிவிப்பு வந்த பிறகு செய்ய முடியாத வேலைகள் சில உண்டு. அவற்றில் முதலாவது கார்பன் மோனாக்சைடு அலாரம். எதையாவது எரிக்கும்போது வரக்கூடிய அந்த விஷவாயுவை உணர்ந்து கத்தும் கருவி இது. தூங்கும் அறைகளுக்கு அருகே ஒன்று, ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று என்று இருக்க வேண்டும். கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்ய பேட்டரியும் வேண்டும். அலாரத்தின் பின்பக்கத்தில் தேதி அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கருவிகளுக்கு ஆயுள் உண்டு, சில வருடங்களில் உணரும் திறன் போய்விடும். பட்டனை அழுத்தினால் ‘பீப்’ என்று கத்துகிறது என்பதற்காகப் பழையதையே நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

இரண்டாவது, வீட்டுக்குள் தண்ணீர் வரும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டுங்கள். ஒருமுறை மூடித் திறந்தும் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். தண்ணீர் கொட்டத் தொடங்கிய பிறகு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் கீழ்த்தளம் முழுக்க நனைந்துவிட்டது. வால்வில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைத்தாலே போதும்.

மூன்றாவது, குழாய்கள். வெளிச்சுவரை ஒட்டியும், சூடு எட்டாத கீழ்த்தளத்திலும், கூரைக்கடியிலும், கராஜிலும் ஓடும் குழாய்களுக்குக் கடைகளில் கிடைக்கும் ஃபோம் உறையை மாட்டுங்கள். தோட்டக் குழாயைக் கழற்றி உள்ளே வையுங்கள். வெளிக்குழாய்க்கு உள்ளே தனி வால்வு இருந்தால் அதை மூடிவிட்டு, வெளியே திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வீட்டின் மேலோ மின்கம்பி மேலோ சாய்ந்திருக்கும் கிளைகளை இலையுதிர் காலத்திலேயே வெட்டச் சொல்லுங்கள். விறகு அடுப்பு இருந்தால் புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள்.

முன்னறிவிப்பு வந்ததும்: மூன்று நாள் அவகாசம்

அமெரிக்க வானிலை அலுவலகம் பொதுவாக இரண்டு கட்டமாகச் சொல்லும். ‘வாட்ச்’ என்றால் வர வாய்ப்பிருக்கிறது. ‘வார்னிங்’ என்றால் வந்துகொண்டிருக்கிறது, அல்லது வந்தே விட்டது. வாட்ச் என்றதுமே கடைக்குப் போய் வந்துவிடுங்கள். வார்னிங் வந்த பிறகு சாலையில் இருக்கக் கூடாது. முன்னறிவிப்பில் பனி எத்தனை அங்குலம் என்பதோடு உறைமழை என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொடிப்பனி ஒரு அடி பெய்தாலும் மின்கம்பி பெரும்பாலும் தாங்கும். அரை அங்குலப் பனிக்கட்டி ஒட்டினால் கிளைகள் முறியும், கம்பிகள் அறும். உறைமழை என்றால் மின்வெட்டு வரும் என்றே எண்ணித் தயாராகுங்கள்.

தண்ணீர்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், குறைந்தது மூன்று நாளைக்கு. நான்கு பேர் வீடு என்றால் 48 லிட்டர். “பனிதான் வெளியே குவிந்து கிடக்குமே, தண்ணீருக்கா பஞ்சம்?” என்று தோன்றும். டெக்சாஸில் 2021-இல் சுத்திகரிப்பு நிலையங்களே முடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் காய்ச்சுவது எப்படி? கிணற்று மோட்டாரை நம்பியிருக்கும் வீட்டில் கரண்ட் போன சிறிது நேரத்திலேயே குழாய் காய்ந்துவிடும். குடிக்கும் தண்ணீர் தவிர, குளியல் தொட்டியையும் வாளிகளையும் நிரப்பி வையுங்கள், அது கழிப்பறைக்கு. ஒரு வாளித் தண்ணீரை வேகமாகக் கோப்பையில் ஊற்றினாலே ஃபிளஷ் ஆகிவிடும். சிறு குழந்தைகள் இருந்தால் நிரம்பிய தொட்டி இருக்கும் அறையைப் பூட்டி வையுங்கள்.

உணவு: சமைக்காமல், சூடாக்காமல் அப்படியே சாப்பிடக்கூடியது வேண்டும். டின் உணவு வாங்கினால் கையால் திறக்கும் ஓப்பனர் இருக்கிறதா என்று பாருங்கள். கொழுப்பும் மாவுச்சத்தும் நிறைந்த உணவு நல்லது. குளிரில் உடம்பு சூட்டைத் தக்கவைக்க நிறைய எரிபொருள் கேட்கும்.

மருந்து: குறைந்தது ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயிலுக்குப் பயப்படுவதுபோல உறைவதற்கும் பயப்பட வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினை இளக்கிப் பயன்படுத்தக் கூடாது. வீடு உறைநிலைக்குப் போனால் அதை உடம்போடு ஒட்டி உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் கருவி போன்ற மின்சாரக் கருவிகளை நம்பியிருப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவற்றைத் தருபவர்களிடம் மாற்று சிலிண்டருக்கோ பேட்டரிக்கோ இப்போதே சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் செய்பவர்கள் மருத்துவமனையை அழைத்து, முறையை முன்கூட்டியே வைக்க முடியுமா என்று கேளுங்கள். இவர்களை மட்டும் புயலுக்கு முன்பே ஜெனரேட்டர் உள்ள உறவினர் வீட்டுக்கோ மருத்துவ வசதி உள்ள இடத்துக்கோ அனுப்புவது பல நேரம் நல்ல முடிவு.

மற்றவை சில்லறை: டார்ச், பேட்டரி, பேட்டரி ரேடியோ, பவர் பேங்க், குழந்தைக்கு டயப்பர், செல்லப்பிராணிக்கு உணவு, வாசல்படிக்குத் தூவ உப்பும் மணலும். சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே பனியை உருக்கத் திணறும். அப்போது வழுக்காமல் இருக்க மணல்தான் கைகொடுக்கும்.

புயலுக்கு முந்தைய மாலை

ஃப்ரீசரில் காலியிடம் இருந்தால் பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி உறைய விடுங்கள். நிறைந்த ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், சுமார் 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம்தான். ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு நாணயத்தையும் வையுங்கள், இது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எல்லா போன்களையும் முழுக்க சார்ஜ் செய்யுங்கள். கார் டேங்கை நிரப்புங்கள், மின்சாரக் கார் என்றால் முழு சார்ஜ். பனி மண்வாரியை வீட்டுக்குள் கொண்டுவந்து கதவருகே வையுங்கள். பனி குவிந்த பிறகு கொட்டகைக்குப் போக வழியே இருக்காது. துணிகளைத் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். எல்லோரும் வெந்நீரில் குளித்துவிடுங்கள், அடுத்த குளியல் எப்போது என்று தெரியாது. ஃபிளாஸ்க்குகளில் கொதிநீர் நிரப்புங்கள். தெர்மோஸ்டாட்டை வழக்கத்தைவிட இரண்டு மூன்று டிகிரி ஏற்றி வையுங்கள். சுவரும் தரையும் சேர்த்து வைக்கும் சூடு, கரண்ட் போன பிறகு சில மணி நேரமாவது உதவும்.

அப்புறம், பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவரிடம் ஒரு வார்த்தை: “கரண்ட் போனால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.” புயலுக்கு முன்னால் சொன்னால்தான் அவர் கதவைத் தட்டுவார்.

கரண்ட் போய்விட்டது: ஒரே அறைக்குள் எல்லோரும்

முழு வீட்டையும் சூடாக வைக்க முயற்சிக்காதீர்கள். ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். சிறிய அறை, தாழ்ந்த கூரை, குறைந்த ஜன்னல்கள், வெளிச்சுவர் குறைவு என்று இருந்தால் நல்லது. கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். ஜன்னல்மேல் போர்வையைத் தொங்கவிடுங்கள். பகலில் வெயில் விழும் ஜன்னலில் மட்டும் போர்வையை விலக்கிவிட்டு, சூரியன் சாய்ந்ததும் மறைத்துவிடுங்கள். அறைக்குள்ளேயே கூடாரம் அடிக்க முடிந்தால் அடியுங்கள், இல்லையென்றால் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போர்வை கட்டினாலும் போதும். நான்கு உடம்புகளின் சூடு அந்தச் சின்ன இடத்தில் தங்கிவிடும்.

பலர் மேலே நான்கு போர்வை போடுவார்கள், கீழே ஒன்றும் இருக்காது. தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெத்தை, கம்பளம், அட்டைப்பெட்டி என்று எது கிடைத்தாலும் முதலில் கீழே விரியுங்கள். தடித்த ஒரே சட்டையைவிட, தளர்வான மூன்று நான்கு அடுக்குகள் மேல். தொப்பியும் சாக்ஸும் அவசியம். வியர்த்து நனைந்த சாக்ஸை உடனே மாற்றுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வயிற்றருகே வைத்துக்கொள்ளலாம். மது உடம்பைச் சூடாக்குவதுபோலத் தோன்றினாலும், தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும். இந்த நாட்களில் வேண்டாம்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தளர்வான போர்வைகளுக்கு நடுவே தூங்க வைக்கக் கூடாது, மூச்சு அடைத்துவிடும். அடுக்கு உடையும் குழந்தைகளுக்கான உறக்கப் பையும்தான் பாதுகாப்பு. சூடே இல்லாத வீட்டில் கைக்குழந்தையை அதிக நேரம் வைத்திருக்காதீர்கள். சாலை திறந்திருக்கும்போதே சூடுள்ள இடத்துக்குக் கிளம்புங்கள்.

போனைச் சட்டைக்குள் வைத்திருங்கள், குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு. வெளிச்சத்துக்கு டார்ச்சே போதும். போர்வைகள் தொங்கும் அறையில் மெழுகுவர்த்தி தீப்பிடிக்கக் காத்திருக்கும் பொருள்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படிக்கும்படி செய்யுங்கள். புயலில் குளிரைத் தாங்கியவர்கள், சூடு உண்டாக்கப் போய் இறந்த துயரம் திரும்பத் திரும்ப நடக்கிறது. எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும், எளிதில் விடாது. தூக்கத்தில் இருப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாமலே முடிந்துவிடும்.

கரி அடுப்பு, பார்பிக்யூ, கேம்பிங் ஸ்டவ் எதையும் வீட்டுக்குள் எரிக்காதீர்கள். ஜன்னல் திறந்திருந்தாலும் வேண்டாம். கேஸ் அடுப்பையோ ஓவனையோ அறை சூட்டுக்காக எரிய விடாதீர்கள். கராஜில் காரை ஸ்டார்ட் செய்து உள்ளே உட்காராதீர்கள், கராஜ் கதவு திறந்திருந்தாலும் புகை வீட்டுக்குள் வரும். ஜெனரேட்டர் வெளியேதான் ஓட வேண்டும், வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வாய் ஜன்னல்களை நோக்கி இல்லாமல் வேறு பக்கம் பார்த்தபடி. அதைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றவே கூடாது. அந்த மின்சாரம் தெருக்கம்பிக்குப் பாய்ந்து, அறுந்த கம்பியைச் சரிசெய்ய வந்த ஊழியரின் உயிரைப் பறிக்கும்.

புகை வெளியேறும் வழி அடைபட்டாலும் இதே ஆபத்துதான். புதிய ஃபர்னஸ்களின் புகைக்குழாய் பெரும்பாலும் வெளிச்சுவரில், தரைக்குச் சற்று மேலேதான் இருக்கும். பனி குவிந்தால் மூடிவிடும். பனி பெய்யும்போது சில மணி நேரத்துக்கு ஒருமுறை போய் அதைச் சுற்றி விலக்குங்கள்.

ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் சளிக்காய்ச்சல் என்று படுத்துவிடாதீர்கள். அலாரம் கத்தினாலும் இதேதான். எல்லோரும் உடனே வெளிக்காற்றுக்குப் போங்கள், அங்கிருந்து அவசர உதவியை அழையுங்கள். குளிருக்குப் பயந்து திரும்ப உள்ளே போகாதீர்கள்.

மின்சாரம் இருக்கும் நேரத்தில் மின்சார ஹீட்டர் பயன்படுத்தினால், சுற்றிலும் ஒரு மீட்டர் காலியாக வைத்து, நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அந்தச் சுமையில் உருகிவிடலாம்.

குழாய்கள் எப்படி வெடிக்கின்றன

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குழாய்க்குள் ஒரு பனிக்கட்டி அடைப்பு உருவாகி வளரும்போது, அடைப்புக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவே மாட்டிய தண்ணீர் நசுங்கி அழுத்தம் ஏறும். குழாய் பெரும்பாலும் அந்த அழுத்தத்தில்தான் பிளக்கும், பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் என்றில்லை. இதைப் புரிந்துகொண்டால் குழாயை மெல்லிய நூல்போல ஒழுக விடச் சொல்வதன் காரணமும் தெரிந்துவிடும். முனை திறந்திருந்தால் அழுத்தம் ஏற வழியில்லை. வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் சூடு, குளிர் இரண்டையும் ஒழுக விடுங்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் அறைச் சூடு குழாய்க்கு எட்டும்.

வெளியே மைனஸ் 6, 7 டிகிரிக்குக் கீழே போனால் உறைபட்ட குழாய் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும். கரண்ட் போய் வீடும் உறைநிலையை நெருங்கினால், மெயின் வால்வை மூடி, வாட்டர் ஹீட்டரை அணைத்து, மேல்மாடிக் குழாயையும் மிகக் கீழே உள்ள குழாயையும் திறந்து குழாய்களைக் காலியாக்குங்கள். காலிக் குழாய் வெடிக்காது. ரேடியேட்டர் தண்ணீரில் மட்டும் கை வைக்காதீர்கள், அது பிளம்பர் வேலை.

ஏற்கெனவே உறைந்துவிட்டால், குழாய்முனையைத் திறந்து வைத்துவிட்டு, முனைப்பக்கமிருந்து தொடங்கி அடைப்பை நோக்கி ஹேர் டிரையராலோ வெந்நீர்த் துணியாலோ சூடேற்றுங்கள். தீப்பந்தம், ஊதுவிளக்கு எதுவும் கூடாது.

உடம்பு சொல்லும் அறிகுறிகள்

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது அவசர நிலை. வார்த்தை குழறுவது, கை தடுமாறி பட்டன் போட முடியாமல் போவது, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் எல்லாம் அறிகுறிகள். முதியவர்கள் பலருக்குக் குளிர்வதே தெரியாது. “எனக்கு ஒன்றுமில்லை” என்பார்கள். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகியிருக்கலாம். ஈரத்துணியை மாற்றி, முதலில் மார்பு, கழுத்து, தலையைச் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். விழிப்பாக இருந்தால் மட்டும் வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுங்கள். அவசர உதவியை அழையுங்கள்.

விரல், காது, மூக்கு நுனி மரத்து மெழுகுபோல் வெளிறினால் அது உறைபுண். பனியால் தேய்க்கும் பழைய வழக்கம் திசுவைக் கிழித்துவிடும். வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், கொதிநீரில் வேண்டாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது.

பனி அள்ளுவதும் காரும்

பனி அள்ளும்போது மாரடைப்பு வந்து இறப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கும், பாரம் தூக்குவது இதயத்துக்கு வேலை ஏற்றும், இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. இதய நோய் உள்ளவர்கள் மண்வாரியைத் தொடாதீர்கள். மற்றவர்கள் தூக்காமல் தள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, பெய்யப் பெய்ய. முழுக்கப் பெய்து முடியட்டும் என்று காத்திருந்தால் ஈரம் கோத்துக் கல்லாகிவிடும்.

காரில் சிக்கிக்கொண்டால் காரைவிட்டு இறங்கி நடக்காதீர்கள். பனிக்காற்றில் பத்தடி தள்ளி இருப்பதும் தெரியாது. புகைக்குழாயைச் சுற்றிப் பனியை விலக்கிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டுங்கள், ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வைத்து. காரில் எப்போதும் ஒரு போர்வை, தண்ணீர், டார்ச், சிறு மண்வாரி இருக்கட்டும்.

புயல் ஓய்ந்த பிறகு

அறுந்து கிடக்கும் கம்பி செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். உள்கதவுகள் திடீரெனச் சிக்கத் தொடங்கினாலோ கூரை கிரீச்சிட்டாலோ பனிப் பாரம் தாங்கவில்லை என்று பொருள், வெளியேறுங்கள். பனியை அகற்றக் கூரைமேல் ஏறாதீர்கள்.

கரண்ட் வருமுன் பெரிய சாதனங்களை ஆஃப் செய்துவிட்டு, ஒரு விளக்கை மட்டும் ஆனில் விடுங்கள், வந்தது தெரிய. வந்ததும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிறகு ஃப்ரீசரைத் திறந்து அந்தக் கோப்பையைப் பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் உள்ளே பனி உருகவில்லை. கோப்பையின் அடியில் கிடந்தால் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். இன்னும் பனித்துகள் தெரியும் உணவைத் திரும்ப உறைய வைக்கலாம். ஃப்ரிட்ஜில் இருந்து கெட்டுப்போகக்கூடியவை நான்கு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தால் குப்பைக்கே. முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

கடைசியாக, வீடு சூடேறும் அந்த நாளில்தான் கசிவு வெளிப்படும். பிளந்த குழாயைப் பனிக்கட்டியே அதுவரை அடைத்து வைத்திருக்கும். தண்ணீரைத் திரும்பத் திறக்கும்போது ஒருவர் மெயின் வால்வில் கை வைத்து நிற்கட்டும், இன்னொருவர் மேல்மாடியிலிருந்து கீழ்த்தளம்வரை ஒவ்வொரு சுவரிலும் காது வைத்துக் கேட்டபடி வரட்டும்.